கியூபச் சுருட்டாலைகளில் வாசிப்பு மரபு: கேட்போர் உரிமையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தொழிலாளர் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் உயர்ந்த மேடையில் அமர்ந்து நாளிதழையும் நாவலையும் உரக்கப் படித்துக் காட்டும் வழக்கம் 1865-இல் ஹவானா நகரில் தொடங்கியது. இடையிடையே தடைப்பட்டாலும் கியூபாவில் இன்றும் அது நிலவுகிறது. இம்மரபைப் பெரும்பாலான நூல்கள் எழுத்தறிவுப் பணியாகவோ விடுதலைப் போரின் துணைக்கருவியாகவோ விளக்குகின்றன. வாசிப்பாளருக்கு ஊதியம் கொடுத்தவர் யார், படிக்கப்பட வேண்டியதைத் தேர்ந்தவர் யார் என்ற இரு வினாக்களே இம்மரபின் வரலாற்றைத் தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: கியூபா, சுருட்டுத் தொழிலாளர், உரக்க வாசித்தல், லா அவுரோரா, ஹொசே மார்த்தி, டாம்பா.

முன்னுரை

கியூப மக்களின் பண்பாடு என்றவுடன் ரும்பாவும் சோனும், யொரூபா மரபிலிருந்து கிளைத்த சாந்தேரியா வழிபாடும் அயலவர் நினைவில் முதலில் தோன்றுகின்றன. இவை கண்ணாலும் செவியாலும் உடனே அறியத்தக்கவை; சுற்றுலாப் பயணிக்கும் எட்டுபவை. அந்நாட்டின் தொழிற்கூடங்களுக்குள் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒலித்துவரும் வாசிப்புக்குரல் அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. ஸ்பானிய மொழியில் அதற்கு 'லெக்தூரா' என்று பெயர், படிப்பவர் 'லெக்தோர்'. இக்கட்டுரையில் அவர் வாசிப்பாளர் எனப்படுகிறார்.

இப்பொருள் குறித்து ஹொசே ரிவேரோ முனிஸ் 1951-இல் எழுதிய ஆய்வும், அரசெலி தினாஹெரோ 2007-இல் வெளியிட்ட நூலும் அடிப்படையானவை. அவற்றுக்கு முன்பே, மானிடவியலாளர் ஃபெர்னாண்டோ ஓர்டிஸ் 1940-இல் வெளியான தம் புகழ்பெற்ற நூலில் புகையிலையையும் கரும்பையும் எதிரெதிராக நிறுத்திக் கியூபப் பண்பாட்டை விளக்கியபோது இவ்வழக்கத்தைத் தொட்டுச் சென்றார். அவருடைய ஒப்பீட்டிலிருந்து தொடங்குவது பொருத்தம்.

ஓசையற்ற தொழில்

புகையிலை கியூபாவின் மண்ணுக்குரிய பயிர். 1492 நவம்பரில் கொலம்பஸின் ஆட்கள் இருவர் தீவின் உட்பகுதிக்குச் சென்றபோது, தைனோ மக்கள் இலையைச் சுருட்டிப் புகைப்பதைக் கண்டனர். கரும்போ வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது. கரும்பாலைக்குப் பெருநிலமும் எந்திரமும் அடிமைத் திரளும் வேண்டியிருந்தன. புகையிலைக்குச் சிறுநிலமும் தேர்ந்த கையும் போதும். இவ்வேறுபாட்டை மிகைப்படுத்துதல் ஆகாது. புகையிலைத் தோட்டங்களிலும் ஹவானாவின் சுருட்டுக் கூடங்களிலும் அடிமைகள் உழைத்தனர்; 1847 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட சீனரும் உழைத்தனர். அடிமைமுறை 1886-இல்தான் முற்றிலும் ஒழிந்தது. ஆயினும் ஓர்டிஸ் சுட்டும் ஒரு செய்தி மறுக்கவியலாதது: கரும்பாலையின் இரைச்சலில் மனிதக் குரல் எழாது, சுருட்டுக் கூடத்தில் எழும்.

சுருட்டுச் சுற்றுபவருக்குத் தேவையான கருவிகள் ஒரு பலகையும் 'சாவெத்தா' எனப்படும் பிடியற்ற தட்டைக் கத்தியும் மட்டுமே. அவர் நாள் முழுதும் ஓரிடத்தில் அமர்ந்து வேலை செய்கிறார். கண்ணும் விரலும் இலையில் ஈடுபட்டிருக்கச் செவி ஓய்ந்திருக்கிறது. அவருக்குக் கூலி எண்ணிக்கைக்கேற்ப வழங்கப்படுகிறது. ஆகவே, கேட்டுக்கொண்டே வேலை செய்தால் முதலாளிக்கு இழப்பில்லை, கேட்பதற்காகக் கையை நிறுத்தினால் இழப்பு தொழிலாளிக்கே. வாசிப்பு மரபு வேறெந்தத் தொழிலிலும் இவ்வளவு ஆழமாக வேரூன்றாமைக்கு இத்தொழிலமைப்பே முதற்காரணம் எனலாம். (ஆங்கிலத்தில் சுருட்டைக் குறிக்கும் 'செரூட்' என்ற சொல் நம் 'சுருட்டு' என்பதன் திரிபு. கியூபாவில் வழங்கும் 'தபாகோ', 'பூரோ' ஆகிய பெயர்களுக்கு அதனோடு உறவில்லை.)

வேலை செய்வோருக்குப் படித்துக் காட்டலாம் என்ற எண்ணம் 1865-க்கு முன்பே எழுந்திருந்தது. 1839-இல் தீவுக்கு வந்த ஸ்பானிய எழுத்தாளர் ஹசிந்தோ தெ சலாஸ் இ கிரோகா, காப்பித் தோட்டமொன்றில் அடிமைகள் பேச்சின்றிக் கொட்டை தெரிந்தெடுப்பதைக் கண்டு, அங்கு ஒருவர் நூல் வாசிக்கலாமே என்று கருதினார். அவர் விரும்பியது மேலிருந்து கீழ் நோக்கி வழங்கப்படும் அறிவுரை: நூலைத் தேர்பவர் உடைமையாளர், கேட்பவர் அடிமை. அக்கருத்து செயலாகவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் கழித்துச் செயலானது முற்றிலும் வேறொரு வடிவம்.

1865: எல் ஃபீகரோ ஆலை

சதுர்னினோ மார்ட்டினெஸ் ஸ்பெயினின் அஸ்துரியாஸ் பகுதியிலிருந்து குடிபெயர்ந்தவர். பகலில் ஹவானாவின் பார்த்தகாஸ் ஆலையில் சுருட்டுச் சுற்றினார், மாலையில் நாட்டு நண்பர் பொருளாதாரச் சங்கத்தின் நூலகத்தில் பணியாற்றினார், கவிதையும் எழுதினார். 1865 அக்டோபர் 22-இல் அவர் கைவினைஞருக்கென 'லா அவுரோரா' என்ற வார இதழைத் தொடங்கினார். 'விடியல்' என்பது அப்பெயரின் பொருள். தொழிலாளர் கல்வி, நூலகப் பயன்பாடு, கூட்டுறவு, கவிதை ஆகியவை அதன் உள்ளடக்கம். ஆனால், அவ்விதழைப் படிக்கக்கூடியவர் தொழிலாளரில் எத்தனை பேர்? ஒரு தலைமுறைக்குப் பின், 1899-இல் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே பத்து வயதுக்கு மேற்பட்ட கியூபரில் பாதிக்கும் அதிகமானோர் எழுத்தறியாதவராக இருந்தனர். எழுத்தறியாதவருக்கு எழுதப்படும் இதழ், குரலின்றி வாழ இயலாது.

அதே ஆண்டு டிசம்பர் 21-இல் எல் ஃபீகரோ ஆலையில் வாசிப்பு தொடங்கியது. வழக்கறிஞரும் சீர்திருத்தவாதியுமான நிக்கோலாஸ் அஸ்காராத்தே குவானபகோவா இலக்கியக் கழகத்தில் இக்கருத்தை முன்பே வலியுறுத்தியிருந்தார். ஆலைகளில் அது நடைமுறைக்கு வந்த முறைதான் கூர்ந்து நோக்கத்தக்கது. தொழிலாளருள் ஒருவரே வாசிப்பாளராக அமர்ந்தார். அவர் வாசிக்கும் நேரத்தில் சுருட்டுச் சுற்ற இயலாது. அதனால் அவர் இழக்கும் கூலியை ஏனையோர் தத்தம் பங்காகச் சேர்த்து ஈடுசெய்தனர். முதலாளியின் பணமோ அரசின் கொடையோ அதில் இல்லை. 1866-இன் தொடக்கத்தில் ஹைமே பார்த்தகாஸின் ஆலையும் வாசிப்பை ஏற்றது. அவர் வாசிப்பாளருக்கு மேடையொன்றையும் அமைத்துக் கொடுத்தார். லா அவுரோரா அதைப் பாராட்டி எழுதியது. மேடையைத் தந்தவர் முதலாளி, வாசிப்பாளருக்கு ஊதியம் தந்தவர் தொழிலாளர் என்ற இப்பிரிவினை பின்னாளில் பெரும்பூசலுக்கு வித்தாயிற்று. மேடையைத் தந்தவர் அதை அகற்றவும் கூடும்.

சில மாதங்களுக்குள் ஹவானாவின் பல ஆலைகளிலும் சுற்றுப்புற ஊர்களிலும் வாசிப்பு பரவியது. பழைமைவாதிகளின் நாளிதழான 'தியாரியோ தெ லா மரீனா' இதை ஐயத்துடன் நோக்கியது. படிக்கப்படும் நூல்களை முதலில் தாங்கள் பார்வையிட வேண்டும் என்று சில முதலாளிகள் நிபந்தனை விதித்தனர். 1866-இன் நடுப்பகுதியில் குடியேற்ற அரசு தலையிட்டது. நூலும் இதழும் வாசித்தும், வேலைக்குத் தொடர்பற்ற விவாதங்களை நடத்தியும் தொழிலாளரின் கவனத்தைத் திருப்புதல் கூடாது என்று ஆணை பிறந்தது. தலைமை ஆளுநர் ஃபிரான்சிஸ்கோ லெர்சுண்டியின் ஆட்சியில் அது கண்டிப்புடன் செயற்படுத்தப்பட்டது. தடைக்கு வேலைக்குந்தகம் காரணமாகக் காட்டப்பட்டது. எண்ணிக்கைக் கூலி முறையில் அக்காரணம் வலுவற்றது என்பதை மேலே கண்டோம். உண்மையான அச்சம் வேறு. அடிமைமுறை நிலவிய ஒரு சமூகத்தில், கூடத்தில் எழும் குரல் அங்கு அமர்ந்திருக்கும் எவருடைய செவியையும் விலக்கிவைப்பதில்லை. தனியே நூல் படிப்பவனைத் தணிக்கையால் தடுக்கலாம். முந்நூறு பேர் ஒருங்கே கேட்டு, ஒருங்கே விவாதிப்பதைத் தடுக்க ஆணைதான் தேவைப்பட்டது.

இங்கு ஒரு திருத்தம் வேண்டும். பிற்கால எழுத்துகள் சில, வாசிப்பு மரபைத் தொடக்கம் முதலே புரட்சியின் பிள்ளையாகச் சித்திரிக்கின்றன. சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. லா அவுரோரா சீர்திருத்த இதழ். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இணக்கம் காணவே அது விரும்பியது. மார்ட்டினெஸ் பின்னாளிலும் அவ்வழியே நின்றார். கியூப விடுதலையை அவர் ஆதரிக்கவில்லை. 1887-இல் 'எல் புரொதுக்தோர்' இதழைத் தொடங்கிய அரசின்மைவாதி என்ரீக்கே ரோய்க் சான் மார்ட்டின் முதலியோர் அவரைக் கடுமையாக எதிர்த்தனர். மேடையை நிறுவியவரின் அரசியலை மேடை பின்பற்றவில்லை. கேட்போர் மாறியபோது கேட்கப்பட்டதும் மாறியது.

கடல் கடந்த மேடை

1868 அக்டோபர் 10-இல் மூண்ட பத்தாண்டுப் போர் ஆயிரக்கணக்கான கியூபரை நாடு கடக்கச் செய்தது. ஆலை உரிமையாளர் விசென்தே மார்ட்டினெஸ் ஈபோர் 1869-இல் ஃபுளோரிடாவின் தென்கோடித் தீவான கீ வெஸ்டுக்குத் தம் தொழிலை மாற்றினார். 1885-இல் டாம்பா நகரையொட்டி நிலம் வாங்கி, தம் பெயரால் ஈபோர் சிட்டி என்ற தொழிலூரை எழுப்பினார். சுருட்டுத் தொழிலாளர் தங்கள் கத்தியோடு வாசிப்பாளரையும் உடனழைத்துச் சென்றனர் என்று சொல்வது மிகையன்று. தாய்நாட்டில் தடைசெய்யப்பட்ட குரல் இங்குத் தங்குதடையின்றி ஒலித்தது.

கீ வெஸ்டின் ஹொசே டொலோரெஸ் போயோ இக்காலத்தின் எடுத்துக்காட்டான மனிதர். ஆலையில் வாசிப்பாளர், 1878-இல் தொடங்கப்பட்ட 'எல் யாரா' இதழின் ஆசிரியர், விடுதலை இயக்கத்தின் அமைப்பாளர். தாம் எழுதியதைத் தாமே மேடையிலிருந்து படிக்கும் வாய்ப்பு எந்த இதழாசிரியருக்குக் கிட்டும்? ஹொசே மார்த்தி 1891 நவம்பர் 26, 27 ஆகிய நாள்களில் டாம்பாவில் உரையாற்றியபோது அவர் முன் இருந்தோர் பெரும்பாலும் சுருட்டுத் தொழிலாளர். நாள்தோறும் பல மணி நேரம் செய்தியும் இலக்கியமும் கேட்டுப் பழகிய அவை அது. மார்த்தியின் நீண்ட, பின்னலான வாக்கியங்களைத் தொழிலாளர் எவ்வாறு பின்தொடர்ந்தனர் என்று வியப்போர் இப்பயிற்சியை மறந்துவிடுகின்றனர். 1892-இல் அவர் நிறுவிய கியூபப் புரட்சிக் கட்சியின் நிதிக்குத் தொழிலாளர் ஒருநாள் ஊதியத்தை ஒதுக்கினர். ஈபோர் ஆலையின் படிக்கட்டில் தொழிலாளர் சூழ மார்த்தி நிற்கும் ஒளிப்படம் கியூபர் அனைவருக்கும் அறிமுகமானது. 1895-இல் எழுச்சிக்கான கட்டளை சுருட்டொன்றுக்குள் மறைத்து ஹவானாவுக்கு அனுப்பப்பட்டது என்ற வழிவழிச் செய்தியும் உண்டு. அச்செய்தி எவ்வாறாயினும், விடுதலைக்கதையின் மையத்தில் மக்கள் சுருட்டை வைத்துப் பேசுவது தற்செயலன்று.

மேடையின் நடைமுறை

கியூபாவில் பத்தாண்டுப் போர் முடிந்தபின் வாசிப்பு மீண்டும் தலைதூக்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் நடைமுறை ஓரளவு நிலைபெற்றுவிட்டது. 'கலேரா' எனப்படும் நீண்ட கூடத்தில் வரிசை வரிசையாகத் தொழிலாளர் அமர்ந்திருப்பர். சிறைக்கூடத்தையும் குறிக்கும் சொல் அது. ஹவானாவில் கைதிகள் சுருட்டுச் சுற்றிய காலத்தின் நினைவு அப்பெயரில் தங்கியிருப்பதாக விளக்கம் தருவர். நடுவில் அல்லது ஓரத்தில் உயர்ந்த மேடை. காலையில் நாளிதழ், பிற்பகலில் நாவல். வாசிப்பாளர் தொழிலாளருள் ஒருவராக இருந்த நிலை மாறி, வாசிப்பையே தொழிலாகக் கொண்டவர் தோன்றினர். வேலைக்கு வருபவர் முதலில் கூடத்தில் படித்துக் காட்ட வேண்டும். தேர்வாளர் நூற்றுக்கணக்கான தொழிலாளரே. குரல் கடைசி வரிசையை எட்டுகிறதா, உரையாடலில் பாத்திரங்கள் பிரிந்து ஒலிக்கின்றனவா, பிறமொழிப் பெயர்கள் தடுமாறாமல் வருகின்றனவா என்று அவர்கள் கேட்டுத் தீர்மானித்தனர்.

தொழிலாளர் தெரிந்தெடுத்த வாசிப்புக் குழுவில் தலைவரும் செயலரும் பொருளாளரும் இருந்தனர். வார இறுதியில் பணம் தண்டுவது பொருளாளரின் பணி. டாம்பாவில் ஒவ்வொருவரும் வாரம் 25 சென்ட் அளவில் கொடுத்தனர். அடுத்த நாவல் எது என்பதற்கு வாக்கெடுப்பு நடந்தது. ஹியூகோ, துமா, சோலா, செர்வாந்தெஸ் ஆகியோர் மீண்டும் மீண்டும் வென்றனர். துமாவின் மாந்தி கிரிஸ்தோ கோமகன் கதைக்கு ஆலைகளில் இருந்த செல்வாக்கே, 1935-இல் தோன்றிய 'மோந்தேகிறிஸ்தோ' சுருட்டின் பெயருக்குக் காரணம் என்று கியூபர் சொல்வர். ஹியூகோவின் மீதுள்ள பற்றுக்கு இலக்கியச் சுவை மட்டும் காரணமன்று. 1870-இல் நாடு கடந்து வாழ்ந்த கியூபப் பெண்களின் வேண்டுகோளுக்கு விடையாக அவர் கியூப விடுதலையை ஆதரித்து எழுதியிருந்தார்.

மனநிறைவைத் தெரிவிக்கக் கைதட்டும் வழக்கமில்லை. கையில் இலை இருக்கிறது. சாவெத்தாக் கத்தியைப் பலகையில் தட்டுவர். கூடம் முழுவதும் ஒரே நேரத்தில் தட்டினால் எழும் ஒலி பாராட்டு. கத்திகள் தரையில் விழுந்தால் அது கண்டனம். படித்தது பிழையென்றாலும், படிப்பவர் அயர்ந்தாலும் அவ்வொலி எழும். ஆசிரியருக்கும் வாசகனுக்கும் இடையே அச்சு உண்டாக்கிய தொலைவை இவ்வொலி பெரிதும் குறைத்துவிட்டது. வாய்மொழி மரபு, எழுத்து மரபு என்று இரண்டாகப் பிரித்துப் பேசும் நம் கோட்பாட்டு நூல்கள் இத்தகைய கூடத்தை எந்தப் பக்கம் வைக்கும் என்று தெரியவில்லை.

இக்குடியாட்சிக்கு வரம்புகளும் இருந்தன. இலையின் நடுநரம்பை நீக்கும் பணியில் ஈடுபட்ட பெண்கள் தனிக்கூடங்களில் குறைந்த கூலிக்கு உழைத்தனர்; சுற்றும் கூடத்தின் வாக்கெடுப்பு அவர்களுடையதன்று. மேடையும் நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதாயிருந்தது. புவேர்த்தோ ரிக்கோவைச் சேர்ந்த லூயிசா காப்பெத்தில்யோ இதற்கு விலக்கு. தம் தீவிலும் டாம்பாவிலும் வாசிப்பாளராகப் பணியாற்றிய அவர், தொழிற்சங்கவாதி, பெண்ணுரிமை எழுத்தாளர். 1915-இல் ஆடவர் உடையணிந்து ஹவானாத் தெருவில் நடந்தமைக்காகக் கைது செய்யப்பட்டு விடுவிக்கப்பட்டார். மேடையேறிய பெண் தெருவில் எதிர்கொண்ட நிலை அது.

வானொலியும் 1931-உம்

1920-களில் மூன்று மாற்றங்கள் ஒருங்கே வந்தன: சுருட்டுச் சுற்றும் எந்திரம், சிகரெட்டின் பரவல், வானொலி. எந்திரம் ஓசையைக் கொண்டுவந்தது. சிகரெட் சந்தையைப் பறித்தது. வானொலி குரலுக்குப் போட்டியாயிற்று. கியூபாவில் வானொலி வாசிப்பாளரை ஒழிக்கவில்லை. இருவரும் கூடத்தின் நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டனர். டாம்பாவில் நிகழ்ந்தது வேறு. பொருளாதார மந்தத்தின் நடுவே, 1931 நவம்பரில், வாசிப்பாளர் தீவிரவாதக் கருத்துகளைப் பரப்புவதாகக் குற்றஞ்சாட்டி ஆலை உரிமையாளர் மேடைகளை அகற்றினர். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து தோற்றனர். மேடை இருந்த இடத்தில் வானொலிப் பெட்டி வைக்கப்பட்டது.

இரண்டிலும் குரல்தானே வருகிறது என்று தோன்றக்கூடும். வானொலியின் நிகழ்ச்சியைத் தொழிலாளர் வாக்களித்துத் தேர்வதில்லை. அதற்கு அவர்கள் பணமும் தருவதில்லை. கத்தியைத் தரையிலெறிந்தால் அது திருத்திக்கொள்வதுமில்லை. 1866-இல் அரசு ஆணை ஓசையின்மையை விதித்தது. 1931-இல் முதலாளிகள் ஓசையை மாற்றினர். இரண்டாவது வழி நீண்ட பயன் தந்தது: டாம்பாவில் மேடை மீண்டும் எழவேயில்லை. நீலோ குரூஸ் எழுதி 2003-இல் புலிட்சர் பரிசு பெற்ற நாடகம், 1929-இன் ஈபோர் சிட்டியில் வந்திறங்கும் ஒரு வாசிப்பாளரைத் தலைமைப் பாத்திரமாக்கி அவ்வுலகின் கடைசி நாள்களைக் காட்டுகிறது.

1959-க்குப் பின்

புரட்சிக்குப் பின், 1960-இல் சுருட்டாலைகள் நாட்டுடைமையாயின. 1961-இல் நடந்த எழுத்தறிவு இயக்கம் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு எழுதப் படிக்கக் கற்பித்தது. எழுத்தறியாதவருக்காகவே வாசிப்பு தோன்றியது என்ற விளக்கம் சரியாயின், அவ்வியக்கத்தோடு அது மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. எழுத்தறிந்தோர் கூடத்திலும் மேடை நின்றது. சேர்ந்து கேட்டல் என்பது தனித்துப் படித்தலுக்கு மாற்றன்று, வேறொரு செயல் என்பதற்கு இதுவே சான்று.

ஊதியம் மட்டும் கைமாறியது. வாசிப்பாளர் அரசு ஊழியராயினர். வாரக் கடைசியில் பணம் தண்டிய பொருளாளர் தேவையற்றுப் போனார். இம்மாற்றத்தைத் தொழிலுக்குக் கிடைத்த பாதுகாப்பாகக் கியூப எழுத்தாளர்கள் பலர் மதிப்பிடுவர், அதில் உண்மையுண்டு. ஆயினும், காலையில் படிக்கப்படும் நாளிதழ் ஆளுங்கட்சியின் 'கிரான்மா' என்றானபின், இதழைத் தேர்தல் என்ற செயலுக்குப் பொருள் சுருங்கிவிட்டது. ஒருகாலத்தில் எதிரெதிர்க் கருத்துடைய இதழ்களைக் கேட்டுப் பூசலிட்ட கூடம் அது. தெரிவுரிமை நாவலின் பக்கமே பெரிதும் எஞ்சியது.

அவ்வெச்சத்தைத் தொழிலாளர் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த நாவலுக்கு அவர்கள் இன்றும் வாக்களிக்கின்றனர்; புதிய வாசிப்பாளரை ஏற்பதும் மறுப்பதும் கூடத்தின் தீர்ப்பே. ஆடவர்க்கே உரியதாயிருந்த மேடையில் இப்போது பெண்கள் பலர் அமர்கின்றனர். செய்தி, நாவலின் ஓர் இயல், சமையற்குறிப்பு, பணியாளரின் பிறந்தநாள் அறிவிப்பு ஆகியவற்றிற்கிடையே வானொலியும் ஒலிக்கிறது. 2012-இல் கியூப அரசு இவ்வாசிப்பை நாட்டின் பண்பாட்டு மரபுடைமையாக அறிவித்தது. தடையாணை பிறந்து அப்போது 146 ஆண்டுகள் ஆகியிருந்தன. நாவலின் இயல் முடியும்போது கத்திகள் பலகையில் தட்டப்படுகின்றன. பிடிக்காத இடத்தில் தரையில் விழுகின்றன.